ஐயமும் அறிவும்: மாணவர் த்ரில்லர் குறும்படத் திட்டமிடலில் பார்வையாளர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர்கள் குறும்படம் எடுக்கத் திட்டமிடும்போது பார்வையாளரின் விருப்பங்களை வினாநிரல் வழியாகத் திரட்டுவது வழக்கமாகி வருகிறது. த்ரில்லர் வகைப் படத்திற்கு விருப்பத்தை மட்டும் கேட்டறிவது போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. இவ்வகைப் படத்தின் சுவை, பார்வையாளர் எதனை அறிந்திருக்கிறார், எப்போது அறிகிறார், யார்மேல் ஐயம் கொள்கிறார் என்பவற்றைச் சார்ந்தது. ஆகவே பார்வையாளரின் அறிவையும் ஐயத்தையும் படிநிலைகளில் சோதித்தறியும் முறை ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாடும், திரைப்பட வரலாற்றில் பார்வையாளர் ஆய்வு பயன்பட்ட முறையும், தமிழ், ஆங்கிலத் திரைப்படங்கள் சிலவும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பார்வையாளர் ஆய்வு, த்ரில்லர், குறும்படம், மெய்ப்பாடு, அச்சம், மருட்கை, ஐயம்.

முன்னுரை

காட்சித் தொடர்பியல் துறைகளில் மட்டுமன்றித் தமிழ்த் துறைகள் சிலவற்றிலும் திரைப்படக் கலை இன்று பாடமாக உள்ளது. குறும்பட ஆக்கம் இப்பாடத்தின் செய்முறைப் பகுதியாக அமைகிறது. மாணவர் பலர் த்ரில்லர் வகையை நாடுவதற்குப் பொருளியல் காரணம் ஒன்று உண்டு. ஓர் அறை, இரண்டு அல்லது மூன்று கதைமாந்தர், ஓர் இரவு ஆகியவற்றைக் கொண்டே இவ்வகைக் கதையைச் சொல்லிவிட முடியும். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் வழி அறிமுகமான கார்த்திக் சுப்புராஜ் தம் முதற்படமாகப் ‘பீட்சா’வை (2012) எடுத்ததும், கார்த்திக் நரேன் இருபதுகளின் தொடக்கத்திலேயே ‘துருவங்கள் பதினாறு’ (2016) படத்தை இயக்கியதும் இளையோர்க்கு இவ்வகையின்மேல் நம்பிக்கை தந்தன.

திட்டமிடலின் ஒரு கூறாகப் பார்வையாளர் ஆய்வை மேற்கொள்ளும் முறை ஊடகக் கல்வியிலிருந்து வந்ததாகும். இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008 முதல் நடைமுறைப்படுத்திய ஊடகவியல் பாடத்திட்டத்தில், இரண்டு நிமிடங்களுக்கு மிகாத புனைவுத் திரைப்படத் தொடக்கக் காட்சி ஒன்றை எடுப்பது மாணவர்க்குரிய செய்முறைப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. தம் படைப்பின் பார்வையாளர் யார், அவர்களை எவ்வாறு ஈர்த்தனர் என்னும் வினாக்களுக்கும் அவர்கள் விடை எழுதவேண்டியிருந்தது. இவ்வினாக்கள் பொருத்தமானவையே. ஆயினும் அவற்றிற்கு விடை காண மாணவர் வகுக்கும் வினாநிரல், ‘உங்களுக்குப் பிடித்த வகை எது’, ‘திருப்பம் உள்ள முடிவு பிடிக்குமா’, ‘எத்தகைய இசை வேண்டும்’ என்பன போன்ற விருப்ப வினாக்களோடு நின்றுவிடுவதுண்டு. திருப்பம் பிடிக்கும் என்று பத்துப் பேரும் விடையளித்தாலும், எந்தத் திருப்பத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு அவ்விடையில் வழி இல்லை. இச்சிக்கலே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

1. விருப்பத்தை அளந்த வரலாறு

திரைப்படப் பார்வையாளரை முறையாக ஆராயும் முயற்சி அமெரிக்காவில் வளர்ந்தது. பெய்ன் நிதியத்தின் துணையோடு நிகழ்ந்து 1933இல் வெளிவரத் தொடங்கிய ஆய்வுகள், திரைப்படம் சிறாரிடம் ஏற்படுத்தும் விளைவை ஆராய்ந்தன. அவற்றின் நோக்கம் சமூகக் கவலை சார்ந்தது. 1940களில் ஜார்ஜ் கேலப் நடத்திய பார்வையாளர் ஆய்வு நிறுவனம், படம் எடுப்பதற்கு முன்னரே கதைச்சுருக்கம், தலைப்பு, நடிகர் ஆகியவற்றை மக்களிடம் வைத்துக் கருத்தறிந்து தயாரிப்பு நிறுவனங்களுக்கு வழங்கியது. இதன் நோக்கம் வணிகம் சார்ந்தது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டான்டனும் உருவாக்கிய கருவியில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்திருந்தால் பச்சைப் பொத்தானையும் பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தானையும் அழுத்தும் ஏற்பாடு இருந்தது.

இம்முறைகளுள் பின்னையது ஒரு முன்னேற்றத்தைக் காட்டுகிறது. முழுப் படைப்பின்மேல் பொதுவாகக் கருத்துக் கேட்பதை விடுத்து, குறிப்பிட்ட நொடியோடு எதிர்வினையைப் பொருத்த அது முயன்றது. ஆனால் பொத்தான் ‘பிடித்தது’ என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. இக்குறையை நீக்கும் வழியை ராபர்ட் மெர்ட்டனும் பெட்ரிசியா கெண்டலும் 1946இல் விளக்கிய குவிமைய நேர்காணல் முறை காட்டியது. பார்வையாளர் கண்ட படைப்பின் குறிப்பிட்ட பகுதியை நினைவுக்குக் கொணர்ந்து, அவ்விடத்தில் அவர் எதை எவ்வாறு புரிந்துகொண்டார் என்று வினவுவது இம்முறை. ‘பிடித்ததா’ என்பதிலிருந்து ‘அங்கு என்ன புரிந்துகொண்டீர்கள்’ என்பதற்கு வினா நகர்கிறது. மாணவர் த்ரில்லர் படத்திற்கு உதவக்கூடியது இந்த நகர்வே ஆகும்.

2. அச்சமும் மருட்கையும்

த்ரில்லர் படத்தில் ‘புரிந்துகொள்ளுதல்’ ஏன் மையமாகிறது என்பதை விளக்க ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கின் எடுத்துக்காட்டு உதவும். 1962இல் ஃபிரான்சுவா த்ருஃபோவுடன் நிகழ்ந்து 1966இல் நூலாக வெளிவந்த உரையாடலில் அவர் இதனைக் கூறுகிறார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையின் அடியில் வெடிகுண்டு உள்ளது. பார்வையாளர்க்கு அது தெரியாவிடில், வெடிக்கும்போது பதினைந்து நொடித் திடுக்கிடல் கிடைக்கும். முன்னரே தெரிந்திருந்தால், அதே வெற்றுப் பேச்சு பதினைந்து நிமிடப் பதற்றமாக மாறும். மேசையும் பேச்சும் குண்டும் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது பார்வையாளரின் அறிவு.

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இதற்கு நேரான சான்று வீணை எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ (1964). ஒருவரைக் கொல்வதற்காக வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை, குறித்தவரிடம் தங்காமல் அறியாதோர் பலரின் கைகளுக்கு மாறிச் செல்கிறது. பொம்மையைத் தொடும் ஒவ்வொருவரையும் பற்றிப் பார்வையாளர் பதறுவதற்குக் காரணம், அவர்கள் அறியாத ஒன்றைத் தாம் அறிந்திருப்பதே. ஹிட்ச்காக்கின் ‘சபோட்டாஜ்’ (1936) இதன் எல்லையைக் காட்டுகிறது. அதில் சிறுவன் ஒருவன் தான் சுமப்பது குண்டு என்று அறியாமல் பேருந்தில் செல்கிறான்; குண்டு வெடித்து அவன் இறக்கிறான். அச்சிறுவன்மேல் பார்வையாளர் பரிவு கொண்டபின் அவனைச் சாகவிட்டது தம் பிழை என்று ஹிட்ச்காக்கே பின்னர் ஒப்புக்கொண்டார். அறிவைத் தந்து பதற்றத்தை வளர்த்தால், அதனைத் தணிக்கும் கடனும் படைப்பாளியைச் சேர்கிறது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு மேலும் தெளிவுபடுத்தலாம். எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை என்பது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் நிலைக்களனாகவும், அச்சம் என்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின் நிலைக்களனாகவும் பிறக்கும். மருட்கையின் நிலைக்களன்கள் பொருளின் தன்மையைக் குறிப்பன. முன்பு காணாத ஒன்று தோன்றியதும் மருட்கை பிறக்கும். அச்சத்தின் நிலைக்களன்கள் தீங்கு செய்ய வல்லவை என்று முன்னரே அறியப்பட்டவை. கள்வர் வருவர் என்ற அறிவு இல்லாதவிடத்துக் கள்வர் அச்சம் இல்லை. திடுக்கிடல் மருட்கையின்பாற்படும் என்றும், பதற்றம் அச்சத்தின்பாற்படும் என்றும் கொண்டால், பின்னதற்கு முன்னறிவு தேவைப்படும் காரணம் விளங்கும். செய்யுள் உறுப்பாக வகுக்கப்பட்ட மெய்ப்பாடும் திரைப்பட உத்தியும் ஒன்றெனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. பகுத்துப் பார்க்கும் அளவுகோலாகவே மெய்ப்பாடு ஈண்டுக் கொள்ளப்படுகிறது.

மெய்ப்பாடு யார்க்கு உரியது என்னும் வினாவும் இங்கு நோக்கத்தக்கது. நடிப்போன் செய்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாள்கிறார். திரையில் ஒருத்தி அஞ்சுவதாலேயே காண்பவர் அஞ்சிவிடார். அவள் அஞ்சாமல் இருக்கும்போதே காண்பவர் அஞ்சுவதும் உண்டு. ஆகவே நடிப்பைக் கொண்டு விளைவை ஊகிக்காமல், காண்பவரிடமே சென்று கேட்டறிதல் வேண்டும்.

3. திட்டமிடலின் மூன்று நிலைகள்

முறையை விளக்குவதற்காக ஒரு கதைக்கருவை இங்கு அமைத்துக்கொள்ளலாம். பருவ விடுமுறையில் பெண்கள் விடுதி ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆய்வேட்டை முடிப்பதற்காக ஒருத்தி மட்டும் தங்கியிருக்கிறாள். அவள் அறைத் தாழ்ப்பாள் பழுதடைந்தது. பூட்டை நம்பியே உறங்குகிறாள். காப்பாளர் அறைச் சாவிப் பலகையில் அவள் அறையின் மாற்றுச் சாவி தொங்குகிறது. அதனை ஒரு கை எடுக்கிறது. வாயிலில் காவலாளி ஒருவர் கைவிளக்குடன் நடக்கிறார். இறுதியில் கதவைத் திறந்து வருபவள், ஆய்வேட்டைக் களவாட வந்த உடன்பயிலும் தோழி.

முதல் நிலை, கதைக்கரு நிலை. இந்நிலையில் கதையை வெளிப்படுத்தாமல் பார்வையாளரின் அனுபவத்தைக் கேட்கலாம். ‘மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள், அப்போது கதைமாந்தர் அறியாத எதை நீங்கள் அறிந்திருந்தீர்கள்?’ என்பது போன்ற திறந்தநிலை வினா, ‘த்ரில்லர் பிடிக்குமா’ என்பதைவிட மிகுதியான தரவைத் தரும். ‘தனியாக இருக்கும்போது எந்த ஓசை உங்களை எழுப்பிவிடும்?’ என்னும் வினா ஒலி வடிவமைப்புக்கு உதவும்.

இரண்டாம் நிலை, திரைக்கதை நிலை. இங்கு முதலில் ஓர் அறிவுப் பட்டியல் உருவாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் பார்வையாளர் அறிவது, முதன்மை மாந்தர் அறிவது, எதிர்மாந்தர் அறிவது ஆகிய மூன்றையும் படக்குழு எழுதிக்கொள்ளும். பின்னர்த் திரைக்கதையைச் சிலர்க்குப் படித்துக்காட்டி, குறித்த இடங்களில் நிறுத்தி வினவலாம். மேற்கண்ட கதையில் சாவி எடுக்கப்பட்ட பின், விளக்கு அணைந்த பின், கதவு திறப்பதற்குச் சற்று முன் என மூன்று நிறுத்தங்கள் அமையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று வினாக்கள் போதும்:

அ. அவள் அறியாத எதனை நீங்கள் இப்போது அறிவீர்கள்?
ஆ. அடுத்து என்ன நிகழும் என்று கருதுகிறீர்கள்?
இ. யார்மேல் ஐயம் கொள்கிறீர்கள்? எதைக் கண்டு அல்லது கேட்டு அவ்வையம் எழுந்தது?

கதை முடிந்தபின் நான்காவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: ‘முடிவை அறிந்தபின், முன்னரே கவனித்திருக்க வேண்டியது எது என்று தோன்றுகிறது?’ முதல் நிறுத்தத்திலேயே பலரும் தோழியைச் சுட்டினால் மறைபொருள் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். யாரும் சுட்டாததோடு, முடிந்தபின்னும் ஒரு தடயத்தைக்கூடக் கூற இயலாவிட்டால், முடிவு கதைக்குள்ளிருந்து பிறக்கவில்லை என்று பொருள். முன்னர் ஊகிக்க முடியாததாகவும் பின்னர் மறுக்க முடியாததாகவும் இருக்கும் இடைநிலையே வேண்டப்படுவது. குழு தயாரித்த அறிவுப் பட்டியலையும் பார்வையாளர் விடைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், படைப்பாளி சொல்லிவிட்டதாக நினைத்துச் சொல்லாமல் விட்ட இடங்கள் புலப்படும்.

மூன்றாம் நிலை, தொகுப்பு நிலை. முதற்கட்டத் தொகுப்பில் சாவி எடுக்கப்படும் காட்சித் துண்டை முன்னே வைத்தும், கதவு திறந்தபின் வைத்தும் இரண்டு வடிவங்கள் அமைக்கலாம். புதிய படப்பிடிப்புச் செலவின்றி மேசைக்குண்டின் இரு விளைவுகளையும் இவ்வாறு ஒப்பிட முடியும். இரு வடிவங்களையும் ஒரே குழுவுக்குக் காட்டுதல் கூடாது. மறைபொருளை ஒருமுறை அறிந்தவர் மீண்டும் அறியாதவர் ஆகமாட்டார். ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு முதற்பார்வைக்கு மட்டுமே உதவுவார் என்பதால், கிடைக்கும் பார்வையாளரைத் தொடக்கத்திலேயே நிலைவாரியாகப் பிரித்துவைக்க வேண்டும். பன்னிருவர் கிடைத்தால் திரைக்கதைக்கு நால்வர், தொகுப்பின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் நால்வர் எனப் பகுப்பது ஒரு வழி. தொடக்கத்திலேயே பன்னிருவர்க்கும் கதையைச் சொல்லிவிடும் குழுவிற்குத் தொகுப்பின்போது பார்வையாளரே இல்லாமற்போவர்.

நடைமுறையில் கருத்தில் கொள்ள வேண்டுவன சில உள. விடைகளை முதலில் தனித்தனியே எழுதி வாங்கிய பின்னரே கலந்துரையாட வேண்டும். இல்லையேல் ஒருவரின் ஊகம் ஏனையோரைத் தொற்றிக்கொள்ளும். நண்பர்கள் முகத்திற்காகப் பாராட்டுவர் என்பதால், படக்குழுவில் இல்லாத ஒருவர் வினவுவது நன்று. பத்துப் பேரில் ஒருவர் என்பது பத்து விழுக்காடு. இத்துணைச் சிறு குழுவின் விடைகளை விழுக்காட்டு வரைபடமாக்குவது பொருளற்றது. அவர்கள் கூறும் காரணங்களே இங்குத் தரவாகும். வன்முறைக் காட்சி இருப்பின் முன்கூட்டியே தெரிவித்து, விரும்பாதோர் இடையில் விலக உரிமை அளிப்பது ஆய்வு நெறியாகும்.

4. ஐயத்தின் காரணம்

மேற்கண்ட மூன்றாம் வினாவின் பிற்பகுதி தனித்து நோக்கத்தக்கது. விடுதிக் கதையைக் கேட்போர் காவலாளியின்மேல் ஐயம் கொள்ளக்கூடும். காரணம் கேட்டால், அவர் நடந்த நேரம், நின்ற இடம் என்று கதைக்குள்ளிருந்து சிலர் கூறலாம். அவர் உடை, நிறம், பேச்சு, வெளியூர்க்காரர் என்பது, ஆளைப் பார்த்தாலே தெரிகிறது என்பது எனக் கதைக்கு வெளியிலிருந்தும் சிலர் கூறலாம். முன்னது திரைக்கதை விதைத்த ஐயம். பின்னது பார்வையாளர் உடன் கொண்டுவந்த ஐயம். விருப்ப வினாநிரல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ‘எத்தகைய எதிர்மாந்தர் உங்களை அச்சுறுத்துவார்’ என்று கேட்டுக் கிடைத்த விடையை அப்படியே பாத்திரமாக்கும் மாணவர், சமூகத்தின் முற்சாய்வைத் தரவு என்ற பெயரில் மீண்டும் அச்சமூகத்திற்கே அளிப்பவர் ஆகிறார். சேரிவாழ் இளைஞர், புலம்பெயர் தொழிலாளர், மனநலச் சிக்கல் உடையோர் ஆகியோர் திரையில் எளிதில் குற்றவாளி ஆக்கப்படுவதற்கு இவ்வழியும் துணைபோகும்.

பெருந்திரையிலும் இதற்குச் சான்றுண்டு. ஏட்ரியன் லைனின் ‘ஃபேட்டல் அட்ராக்சன்’ (1987) படத்தின் முதல் வடிவில், கைவிடப்பட்ட அலெக்ஸ் என்னும் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். பழி அவளோடு உறவு கொண்ட டேன்மேல் விழுகிறது. முன்னோட்டத் திரையிடல்களில் பார்வையாளர் இம்முடிவை ஏற்கவில்லை. அதனால் முடிவு மாற்றிப் படமாக்கப்பட்டது. கத்தியுடன் வரும் அலெக்ஸை டேனின் மனைவி சுட்டுக்கொல்கிறாள். படம் பெருவெற்றி பெற்றது. அலெக்ஸாக நடித்த கிளென் குளோஸ் இம்மாற்றத்தை எதிர்த்தவர். தன்னையே வருத்திக்கொள்ளும் ஒருத்தி பிறரைக் கொல்பவளாக ஆக்கப்பட்டதே அவரது மறுப்பின் அடிப்படை. பார்வையாளர் ஆய்வு இங்குத் தன் பணியைச் செவ்வனே செய்தது. பார்வையாளரின் சினம் எங்குள்ளது என்று காட்டியது. அச்சினத்திற்கு இணங்குவதா என்பது படைப்பாளியின் தெரிவு.

இணங்காத தெரிவிற்குத் தமிழிலேயே முன்மாதிரி உள்ளது. பாடல்களே இல்லாமல் வெளிவந்த எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளைப் பின்னணியாகக் கொண்டது. கதைத் தலைவனாகிய ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி எனப் பலரின் கூற்றுகள் வழி ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு நகர்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற அப்பாத்திரம் நாட்டுக்குத் தீங்கிழைத்தவன் என்பதும், பண்டரிபாய் ஏற்ற மனைவி உஷாவின் கையிலிருந்தே குண்டு பாய்ந்தது என்பதும் இறுதியில் தெரியவருகின்றன. கதைத் தலைவன் நல்லவன், மனைவி ஐயத்திற்கு அப்பாற்பட்டவள் என்னும் பார்வையாளர் நம்பிக்கைகளைத் திரைக்கதை நன்கறிந்திருக்கிறது. அறிந்திருப்பதனாலேயே அவற்றைக் குலைக்க முடிகிறது. பார்வையாளர் எதிர்பார்ப்பை அறிதல் வேறு, அதற்குப் பணிதல் வேறு என்பதை இப்படம் தெளிவாக்குகிறது.

இதனை விடுதிக் கதையோடு பொருத்தினால் இரு வழிகள் தெரிகின்றன. காவலாளியைத் திசைதிருப்பும் கருவியாக மட்டும் பயன்படுத்தி இறுதியில் விட்டுவிடுவது ஒன்று. ஐயம் ஆதாரமின்றி எழுந்தது என்பதைப் பார்வையாளர் தாமே உணருமாறு ஒரு காட்சியை அமைப்பது மற்றொன்று. கைவிளக்கோடு அவர் நடந்தது பழுதான தாழ்ப்பாளைப் பற்றிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்ததனால் என்று பின்னர்த் தெரியவரின், பார்வையாளர் தம் ஐயத்தையே ஐயுறுவர். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. பார்வையாளர் சொன்ன காரணங்களைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. மேலும், வகுப்புத் தோழர்க்கு மட்டும் காட்டப்படும் முதற்கட்டத் தொகுப்பை விடுதியின் காவலாளிக்கும் காட்டலாம். ஒரே வளாகத்தில் வாழ்ந்தும் மாணவர் ஆய்வில் தகவலாளியாகச் சேர்க்கப்படாதவர் அவர். படத்தில் தம்மைப் போன்ற ஒருவரைக் காணும்போது அவர் கூறும் சொல், நூறு வினாநிரல்களில் கிடைக்காத தரவாக அமையக்கூடும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. த்ரில்லர் படத்தின் விளைவு பார்வையாளரின் அறிவுநிலையைச் சார்ந்தது. ஆகவே திட்டமிடலுக்கான ஆய்வு, விருப்பத்தோடு நில்லாமல் அறிவையும் ஊகத்தையும் ஐயத்தையும் வினவ வேண்டும்.

2. திடுக்கிடலை மருட்கையோடும் பதற்றத்தை அச்சத்தோடும் பொருத்தி நோக்கும்போது, பதற்றத்திற்கு முன்னறிவு இன்றியமையாதது என்பது தெளிவாகிறது. மெய்ப்பாட்டியல் இன்றைய காட்சி ஊடக ஆய்விற்கும் பகுப்பாய்வுக் கருவியாகப் பயன்படும்.

3. கதைக்கரு, திரைக்கதை, தொகுப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் வெவ்வேறு பார்வையாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். முதற்பார்வை மீளப் பெற முடியாத வளம்.

4. ஐயத்தின் காரணத்தை வினவுவதன் வழியாகவே திரைக்கதை விதைத்த ஐயத்தையும் சமூக முற்சாய்வையும் பிரித்தறிய முடியும். அதற்கு இணங்குவதும் அதனைக் கேள்விக்குள்ளாக்குவதும் படைப்பாளியின் பொறுப்பு.

குறைந்த பொருட்செலவில் எடுக்கப்படும் மாணவர் படத்திற்கு முன்னோட்ட ஆய்வு சுமையாகாது. ஒரு தாளும் சில கேள்விகளும் காத்திருக்கும் பொறுமையும் போதும். தமிழ்த் துறைகளில் திரைப்படம் பயிலும் மாணவர், உரையாசிரியர்கள் காண்போரைப் பற்றி எழுப்பிய வினாவைத் தம் பார்வையாளரிடம் நேரில் கேட்கும் வாய்ப்பை இதனால் பெறுகின்றனர்.